மெதுவாகப் பேசிய டாக்டர்

நகரித் தறிக்காரர்களுக்கு டாக்டர்களைப் பற்றி ஒரு கணிப்பு உண்டு. திட்டுகிற டாக்டர் என்றால் பயமில்லை. "அறிவு கீதா உனக்கு? இத்தினி நாளு இன்னா பண்ணிக்கினு இருந்த?" என்று கத்தி, சீட்டில் நாலு மாத்திரை கிறுக்கி, போ போ என்று விரட்டுகிறவரிடம் போனவன் பிழைத்துக்கொள்வான். மெதுவாகப் பேசுகிற டாக்டர்தான் ஆபத்து. உட்காரச் சொல்லி, குரலைத் தணித்து, "நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க" என்று ஒரு டாக்டர் கேட்டுவிட்டால், ஆளை வீட்டுக்குக் கூட்டிப்போக வண்டி பார்க்க வேண்டியதுதான்.

பத்மாவதி இதைக் கண்ணால் பார்த்தவள். அவளுடைய நைனா சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தினமும் சிடுசிடுத்துக்கொண்டே வந்து போன டாக்டர், ஒரு காலையில் வராந்தாவுக்கு வந்து அண்ணன் தோளில் கை வைத்தார். இங்கேயே வைத்துக்கொள்வதா, வீட்டுக்குக் கொண்டுபோவதா என்று கேட்டுவிட்டு, "மீ இஷ்டம்" என்றார். உங்கள் இஷ்டம். அவ்வளவு இதமான குரல் அவரிடம் இருக்கும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் நைனா போய்விட்டார்.

பத்மாவதி பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் ஆந்திர எல்லையோர நகரியில்தான். தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது முடித்ததும் தார் சுற்ற உட்கார வைத்துவிட்டார்கள். தறியில் குறுக்கே பாயும் நாடாவுக்குள் போடும் சின்னக் கட்டைகளில் ஊடை நூலைச் சுற்றித் தரும் வேலை. அவளுக்கு அதில் வருத்தமில்லை. வகுப்பில் எழுந்து நின்று நாற்பது முகங்களுக்கு முன்னால் பதில் சொல்வதைவிட இது எவ்வளவோ தேவலை. நாலு பேர் நிற்கிற இடத்தில் அவள் ஐந்தாவது ஆளாகப் பின்னால்தான் நிற்பாள். கல்யாணத்தன்று மாலை மாற்றும்போதுகூட அவள் நிமிரவில்லை என்று சொல்லி இன்றைக்கும் சிரிப்பார்கள்.

ஆனால் பவர்லூம் கொட்டகைக்குள் அவள் வேறு ஆள். தறிகள் ஓடும்போது அங்கே காது கேட்காது. உதட்டை அசைத்தால் போதும், சத்தம் வேண்டாம். எதிரில் இருப்பவர் படித்துக்கொள்வார். இழை அறுந்தது, தார் தீர்ந்தது, டீ வந்தது, உன் மாமியார் வந்துகொண்டிருக்கிறாள், எல்லாம் உதட்டில்தான். கூச்சக்காரிக்கு அந்த இரைச்சல் ஒரு திரைபோல இருந்தது. அதற்குப் பின்னால் இருந்துகொண்டு அவள் நிறையப் பேசினாள்.

புருஷன் நரசிம்மனுக்கோ சின்ன வயதிலிருந்தே தறிதான். அந்தச் சத்தம் அவன் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஐம்பதைத் தாண்டியபோது வெளியிலும் அவனுக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. அவன் பேசினால் தெருவே திரும்பும். பிறர் பேசுவது அவனுக்குத் தெரிய வேண்டுமென்றால் பத்மாவதி உதட்டசைக்க வேண்டும். ரேஷன் கடை, பேங்க், கல்யாண வீடு, எங்கே போனாலும் அவன் பத்மாவதியின் முகத்தைப் பார்த்தபடி நிற்பான். அடுத்த தறியில் வேலை செய்த துர்காதேவி, நரசிம்மனுக்குத் தங்கை முறை, வாயாடி. "எங்கண்ணனுக்குக் காது ரெண்டும் எங்கண்ணி வாய்ல கீது" என்பாள். "நீங்க சண்ட போட்டாகூடப் பக்கத்து வூட்டுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லியே அண்ணி. ஜன்னலாண்ட நின்னு எனக்கு வாய்தான் வலிக்குது."

இதில் ஒரு சங்கதி உண்டு. கேட்டதையெல்லாம் பத்மாவதி சொல்வதில்லை. நீட்டி நீட்டிப் பேசுகிறவர்களின் பேச்சை இரண்டு மூன்று வார்த்தையாகச் சுருக்கிவிடுவாள். யாராவது அவனைக் கேலி செய்தால் அதை விட்டுவிடுவாள். அவனும் "வேற இன்னா சொன்னாங்க?" என்று தோண்டியதில்லை. அவன் உலகம் அவள் சலித்துக் கொடுத்த மாவாக இருந்தது. கப்பி, கல் எதுவும் அதில் வராது.

அவர்களுக்கு ஒரே பெண், ஹரிதா. டிப்ளமா படித்துவிட்டு ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை, அங்கேயே ஹாஸ்டல். கம்பெனியில் கொடுத்த கார்டில் அப்பா அம்மாவுக்கும் உடம்பைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. தீபாவளி கழிந்து அவள் திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாள் வாங்கினாள். அன்றைக்குப் பார்த்து அவளுக்கு ஷிப்ட் மாறிவிட்டது.

"நீயே கூட்டினு போம்மா," என்றாள் போனில். "நைனா எத கேட்டாலும் தலைய ஆட்டுவாரு. நீதான் வாயத் தொறந்து கேக்கணும். புரியலன்னா புரியலன்னு சொல்லு. கூச்சப்படாத."

"சரிடி" என்றாள் பத்மாவதி.

நரசிம்மனுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. காலையில் எழுந்ததும் நாலு இருமல் இருமுவான்; கொட்டகையில் யார்தான் இருமவில்லை? கோவிந்தனைக் கீழேயிருந்தே கும்பிட்டுவிட்டு வரலாம் என்றுதான் பஸ் ஏறினான். புத்தூர் வரை ஜன்னலோரம் தூங்கினான்.

ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் முடிந்து, கடைசியாக நுரையீரல் டாக்டரிடம் அனுப்பினார்கள். யாமினி என்று பெயர். ஹரிதாவைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். முகத்தில் பாதியை மாஸ்க் மூடியிருந்தது. தெலுங்கு வாடை வீசும் தமிழில், "உக்காருங்கய்யா, உக்காருங்கம்மா, பஸ்ஸிலயா வந்தீங்க?" என்று விசாரித்து, ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வரவழைத்தாள். பத்மாவதி தன் டம்ளரைத் தொடவில்லை.

"பீடி எத்தனை நாளா பிடிக்கிறீங்கய்யா?"

நரசிம்மன் பத்மாவதியைப் பார்த்தான். அவள் உதட்டை அசைத்தாள். "எப்பனா ஒண்ணு ரெண்டு!" என்றான், வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி.

டாக்டரின் கண்கள் பத்மாவதி பக்கம் திரும்பின. "நெஜமாம்மா?"

பத்மாவதி தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தால் உதடு அவனுக்குத் தெரியாது. "ரெண்டு கட்டு ஆவும்," என்றாள் தரையைப் பார்த்து. "கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே." கொட்டகைச் சுவரோரம் கூட்டும்போது நூல் கழிவோடு ரோஸ் நூல் கட்டிய பீடித் துண்டுகளையும் அள்ளிக் கொட்டுகிறவள் அவள்தான்.

டாக்டர் ஓர் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதில் வரிசை வரிசையாகச் சின்ன மனித பொம்மைகள். பெரும்பாலானவை வெள்ளை, கொஞ்சம் மஞ்சள், ஒன்றிரண்டு பச்சை, சில கறுப்பு.

"ஐயாவுக்கு இப்ப வியாதி இருக்குன்னு நான் சொல்லலை," என்று தொடங்கினாள். "எக்ஸ்ரேல பெருசா எதுவும் தெரியலை. ஆனா இவ்ளோ பீடி பிடிச்சவங்களுக்கு நுரையீரல்ல கேன்சர் வர வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம். தொந்தரவு வர்றதுக்கு முன்னாடியே ஒரு ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம். சின்னதா இருக்கும்போதே கிடைச்சா காப்பாத்த முடியும், இந்தப் பச்சைக்காரங்க மாதிரி. ஆனா இன்னொண்ணும் சொல்லணும். நம்ம பக்கம் பழைய டிபி தழும்பு நிறையப் பேருக்கு இருக்கும். அதுவும் ஸ்கேன்ல புள்ளியாத் தெரியும். அது என்னன்னு பாக்க மறுபடி ஸ்கேன், சில பேருக்கு ஊசி. கடைசில ஒண்ணும் இல்லைன்னு ஆகும், ஆனா அதுவரைக்கும் பயம். அவங்கதான் மஞ்சள். ஸ்கேன் எடுத்தும் சில பேரைக் காப்பாத்த முடியாமப் போகும்." அவள் விரல் கறுப்புப் பொம்மைகள்மேல் லேசாகப் பட்டு விலகியது. "நல்லதும் இருக்கு, கஷ்டமும் இருக்கு. அதனால நான் மட்டும் முடிவு பண்ண மாட்டேன். சேர்ந்துதான் பண்ணணும். உங்களுக்கு என்ன தோணுதும்மா?"

பத்மாவதி அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பள்ளியை நிறுத்தியபோது கேட்கவில்லை, கல்யாணத்தின்போது கேட்கவில்லை. ஒரு டாக்டர் கேட்கிறாள்.

"மீ இஷ்டம் அம்மா," என்றாள் யாமினி, மெதுவாக.

பத்மாவதிக்குச் சித்தூர் வராந்தா அப்படியே கண்முன் வந்து நின்றது. வியாதி இருக்கிறது என்று சொல்லவில்லையாம். ஆளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு யார் சொல்வார்கள்? நைனாவிடம் கடைசிவரை வயிற்றுப் புண் என்றுதானே சொன்னார்கள்? இந்தப் பெண் திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை, தண்ணீர் கொடுத்தாள், உங்கள் இஷ்டம் என்கிறாள்.

நரசிம்மன் அவள் முழங்கையைத் தொட்டான். இன்னா சொல்றாங்க, என்று அவன் உதடு கேட்டது.

அவ்வளவு நீளப் பேச்சை அவள் வழக்கம்போலச் சுருக்கினாள். ஸ்கேன் எடுக்கலாமாம். நம்ம இஷ்டமாம்.

அவன் அவளுடைய உதட்டைப் பார்த்ததைவிட முகத்தைத்தான் அதிகம் பார்த்தான். முப்பது வருஷமாகப் படித்த முகம். பிறகு அட்டையைப் பார்த்தான். ஒரு கறுப்புப் பொம்மைமேல் விரலை வைத்து, "இதானே?" என்று உரக்கக் கேட்டுச் சிரித்தான்.

டாக்டருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. விளக்கம் கேட்கிறார் என்று நினைத்து, "ஆமாய்யா, காப்பாத்த முடியாதவங்க" என்று தலையசைத்தாள். மாஸ்க்குக்குப் பின்னாலிருந்து வந்த வார்த்தைகள் அவனுக்குப் போய்ச் சேரவில்லை. தலையசைப்பு போய்ச் சேர்ந்தது.

"எல்லாம் புரிஞ்சுதாய்யா?"

அவனும் தலையை ஆட்டினான்.

"இப்பவே சொல்ல வேணாம். வீட்டுக்குப் போய் ரெண்டு பேரும் நல்லாப் பேசிட்டுச் சொல்லுங்க. ஸ்கேன் எடுத்தாலும் எடுக்காட்டியும், பீடிய மட்டும் இன்னையோட விட்டுடணும், சரியா?"

நரசிம்மன் வெளியே போனான். பத்மாவதி கதவருகே நின்றாள். சம்பிரதாயப்படி இப்போதுதான் டாக்டர் அவளைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல வேண்டும். யாமினி நிமிர்ந்தாள். "வேற ஏதாவது கேக்கணுமாம்மா?"

இருக்குதா, என்று ஒரு வார்த்தை. அது பத்மாவதியின் உதடுவரை வந்தது. தறிச் சத்தம் இருந்திருந்தால் கேட்டிருப்பாள். அந்த அறையில் மின்விசிறிச் சத்தம்கூட இல்லை.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் நரசிம்மன் தூங்கவில்லை. வடமாலைப்பேட்டை தாண்டியதும் அவள் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தான். ஹரிதாவுக்குச் சொல்லாத. பாலசமுத்திரம் பக்கம் ஓர் இடத்தில் அவளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பனுக்கு அந்த வியாதி என்றால் வந்தவர்கள் வந்த வழியே போவார்கள். சொல்ல மாட்டேன், என்றாள் அவள். அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி அவர்கள் இருவரும் பேசியது அவ்வளவுதான்.

ராத்திரி ஹரிதா போன் செய்தபோது, "எல்லாம் நல்லா கீதுன்னுட்டாங்க" என்றாள் பத்மாவதி.

துர்காதேவியிடம் மறைக்க முடியவில்லை. தறி ஓடும்போதே எதிரில் வந்து நின்றாள்.

"டாக்டரு திட்டினாங்களா?" என்று உதடு கேட்டது.

இல்ல.

"ஒரு வார்த்தகூடவா?"

இல்ல. தண்ணி குடுத்தாங்க.

"தண்ணி வேற குடுத்தாங்களா!"

உங்களுக்கு இன்னா தோணுதுன்னு கேட்டாங்க.

துர்காதேவியின் வாய் அப்படியே நின்றுவிட்டது. அந்த வாய் நின்று பத்மாவதி பார்த்தது அன்றைக்குத்தான். அவள் தன் முந்தானையால் பத்மாவதியின் முகத்தைத் துடைத்துவிட்டு, தன் தறிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு பத்மாவதி செய்ததெல்லாம் போகிறவர்களுக்கு வீட்டில் செய்வது. கேட்டதை இல்லையென்று சொல்லக் கூடாது. ஆசை வைத்துக்கொண்டு போகக் கூடாது. நரசிம்மன் கேட்காமலே வாரத்துக்கு இரண்டு நாள் கறி எடுத்தாள். அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை, தனக்கு நாற்றம் ஆகாது என்று அதுவரை தள்ளிவைத்ததை, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வைத்தாள். பீடி விஷயத்தில்தான் அவள் ரொம்ப மாறினாள். முன்பெல்லாம் பீடிக் கட்டை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்து, அவன் தேடுவதை வேடிக்கை பார்ப்பாள். இப்போது தானே கடைக்குப் போய்க் குனிந்த தலையோடு வாங்கிவந்து அவன் சட்டைப்பையில் வைத்தாள். முதல் நாள் அவன் அதை எடுத்துப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மருந்துபோல வாங்கிக்கொண்டான்.

"இனிமே வுட்டு இன்னா ஆவப்போது?" என்று ஒருநாள் தானாகவே சத்தமாகச் சொன்னான். அவள் தீப்பெட்டியை எடுத்து வந்து வைத்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தாள். என்ன முடிவு செய்தீர்கள் என்று தெலுங்கில் கேட்டாள். அந்தக் குரலும் இதமாகத்தான் இருந்தது. "வஸ்தாமு" என்றாள் பத்மாவதி. வருகிறோம். மறுபடி அந்த எண்ணிலிருந்து மணி அடித்தபோது, அடித்து ஓயும்வரை போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எடுத்தால் எத்தனை நாள் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

சாகப்போகிறவன் சாகவில்லை. பொங்கல் வந்து போனது. வெயில் வந்தது. அவன் தறிக்குப் போனான், வந்தான், தின்றான், தூங்கினான். ஒருவேளை அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் போயிருக்குமோ என்றுகூட அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பைக் கண்ணேறு பட்டுவிடும் என்று வெளியே விடாமல் வைத்திருந்தாள். அப்போதுதான் அவன் தன் துண்டைத் தானே துவைக்கத் தொடங்கினான்.

வாழ்நாளில் ஒரு கைக்குட்டையைக்கூடத் தண்ணீரில் நனைத்தறியாத மனிதன். விடிவதற்குள் குழாயடியில் உட்கார்ந்து துண்டைக் கசக்கிக்கொண்டிருந்தான். அவள் வாசற்படியில் நின்று பார்த்தாள். தண்ணீர் ரோஸ் நிறத்தில் ஓடி, சாக்கடையில் கலந்தது. அவன் திரும்புவதற்குள் உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஆடிக் கிருத்திகைக்கு ஹரிதா லீவு போட்டு வந்தாள். திருத்தணிக்குப் போகிற காவடிகள் தெருவில் போய்க்கொண்டிருந்தன. தொளதொளத்த சட்டைக்குள் தொங்கிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து, பையைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"இன்னாமா இது? நைனா ஏன் இப்டி கீறாரு?"

பத்மாவதி அவளைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். "அன்னிக்கே டாக்டரு கைய விரிச்சுட்டாங்கடி. உன் கல்யாணம் முடியட்டும்னு நாங்கதான் சொல்லல."

"எந்த டாக்டரு? கம்பெனி கார்டுல போன டாக்டரா? இன்னா சொன்னாங்க? அவங்க சொன்னத அப்டியே சொல்லு."

பத்மாவதி சொன்னாள். ஐந்தாவதோடு நின்றவள் என்றாலும் கேட்டதை மறக்கிறவள் அல்ல. வியாதி இருக்கு என்று நான் சொல்லலை என்பதிலிருந்து, வெள்ளை, மஞ்சள், பச்சை, கறுப்பு, டிபி தழும்பு, ஊசி, சேர்ந்துதான் முடிவு பண்ணணும், மீ இஷ்டம் அம்மா வரைக்கும் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள்.

ஹரிதா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா. அவங்க இருக்குதுன்னு சொல்லலமா. இருக்குதான்னு பாக்கலாமான்னு கேட்டாங்க."

"எதுக்கு நம்மள கேக்கணும்?"

"இப்பல்லாம் அப்டித்தான்மா கேப்பாங்க. எடுத்தா நல்லதும் கீது, கெட்டதும் கீது, அதான் நம்மள கேக்கறாங்க. மரியாதைக்குக் கேக்கறாங்கமா."

"திட்டவேயில்லியேடி" என்றாள் பத்மாவதி. சொன்ன பிறகுதான் தான் சொன்னது தனக்கே கேட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"நைனாகிட்ட நான் சொல்ல மாட்டேன்," என்றாள் ஹரிதா கடைசியில். "நீதான் சொல்லணும். அன்னிக்கு வுட்டதெல்லாம் சேத்துச் சொல்லு."

திருப்பதிக்குப் போகிற பஸ்ஸில் பத்மாவதி சொல்லவில்லை. ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோதும் சொல்லவில்லை. ஊசி குத்தித் துணுக்கு எடுத்து, அதன் முடிவு வரும்வரை லாட்ஜில் தங்கியிருந்த நாட்களில் அவன் ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகுக்கு எதையும் சொல்ல முடியாது.

யாமினி இந்தத் தடவை மாஸ்க்கைக் கழற்றிவிட்டாள். அவருக்குக் காது கேட்காது, உதட்டைத்தான் படிப்பார் என்று ஹரிதா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். ஆனால் டாக்டருடைய தெலுங்குத் தமிழ் நரசிம்மனுக்கு உதட்டில் பிடிபடவில்லை. இரண்டு வாக்கியத்துக்குள் பழைய பழக்கப்படி பத்மாவதி பக்கம் திரும்பிவிட்டான்.

"நுரையீரல்ல இருந்து கல்லீரலுக்கும் எலும்புக்கும் போயிருக்கும்மா," என்றாள் யாமினி. அவள் கண் கலங்கியிருந்தது. "அன்னிக்கு நான் உங்களைக் கேட்டுட்டு விட்டிருக்கக் கூடாது. உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுதுன்னு திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்கணும்."

பத்மாவதி வாயைத் திறந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு டாக்டரிடம், நிமிர்ந்து கேட்டாள். "அன்னிக்கு எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குங்களா?"

"தெரிஞ்சிருக்கலாம். தெரியாமலும் போயிருக்கலாம். அடிச்சுச் சொல்ல என்னால முடியாதும்மா."

பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று பத்மாவதிக்குத் தோன்றியது. எந்தப் பொய் என்றுதான் தெரியவில்லை.

யாமினி கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். மருந்து ஏற்றலாம். சில மாதம் கூடக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வாந்தி வரும், முடி கொட்டும், இங்கேயே வந்து வந்து போக வேண்டும். இல்லையென்றால் வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுத்து வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கும் தான் கூட இருப்பதாகச் சொன்னாள். "ரெண்டுல எது வேணும்னு ஐயாதான் சொல்லணும். அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லுங்கம்மா. ஒண்ணும் விடாம."

அதே கேள்வி. அதே மெதுவான குரல். நகரித் தறிக்காரர்களின் கணிப்பு இந்தத் தடவை தப்பவில்லை.

பத்மாவதி நாற்காலியைத் திருப்பி அவனுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். உதட்டை அசைக்கத் தொடங்கினாள். எதையும் சுருக்கவில்லை. கல்லீரல் என்றாள், எலும்பு என்றாள், வாந்தி, முடி, வலி, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் தலையசைத்துக்கொண்டே வந்தான். அவள் முடித்ததும் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அவனும், கொட்டகையில் இருப்பதுபோல, சத்தமில்லாமல் கேட்டான்.

அன்னிக்கும் இதத்தானே கேட்டாங்க?

பக்கத்தில் ஹரிதா நின்றுகொண்டிருந்தாள். தறிகளுக்கு நடுவே தூளியில் வளர்ந்த பெண். இருவர் உதடும் அவளுக்குத் தெரியும்.

இப்போது சொல்லிவிட வேண்டும். அன்றைக்குக் கேட்டது வேறு. கதவு திறந்துதான் இருந்தது, நான்தான் சாத்தியிருக்கிறது என்று நினைத்தேன். நீ சாகப்போகிறாய் என்று என் முகம்தான் உனக்குச் சொன்னது. நான் வாங்கிக்கொடுத்த பீடியை நீ பிடித்தாய். இதையெல்லாம் சொல்வதற்கு வேண்டிய வார்த்தைகள் அவளிடம் இருந்தன, சத்தம்கூட வேண்டாம். அவன் கண்கள் அவள் உதட்டிலேயே இருந்தன. அதில் கோபம் இல்லை. எதையோ சரிபார்த்துக்கொள்கிற பார்வை மட்டும்தான். நெய்து முடித்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல.

ஆமா, என்றாள் பத்மாவதி உதடுகளால். இதேதான்.

அவன் தோள் தளர்ந்தது. அப்ப நம்ம மேல தப்பு இல்ல, என்றான். தலையைத் திருப்பி டாக்டரிடம், "வூட்டுக்கே போறோம்மா!" என்று வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

யாமினி அவனைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். பிறகு பத்மாவதியைப் பார்த்தாள். "எல்லாத்தையும் சொல்லிட்டீங்களாம்மா? எதுவும் விட்டுப்போகலையே?"

ஹரிதா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எல்லாம் சொல்லிட்டேங்க" என்றாள் பத்மாவதி, தரையைப் பார்த்து.